முடியாத பாறையும் மூடாத பெட்டியும்

மாமல்லபுரம் செல்வோர் எதனைக் காண்கின்றனர்? கடற்கரைக் கோயிலைக் காண்கின்றனர். ஐந்து தேர்களைக் காண்கின்றனர். வழிகாட்டி சொல்லும் புராணக் கதைக்குத் தலையாட்டிவிட்டுச் சங்கு மாலையும் சிப்பிப் பொம்மையும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுகின்றனர். நாம் காணச் சொல்வது வேறு. ஊருக்கு மேற்கே, கூட்டம் அதிகம் எட்டிப்பாராத இடத்தில், பிடாரி இரதம் என்றும் வலையன்குட்டை இரதம் என்றும் பெயர் தாங்கிய பாறைகள் நிற்கின்றன. மேற்பகுதி முடிந்திருக்கும், கீழ்ப்பகுதி வெறும் பாறையாகவே இருக்கும். சிற்பி உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வந்தான் என்பதனை அந்தப் பாறையே நமக்குச் சொல்கிறது. அரைகுறையாக விடப்பட்ட குடைவரைகளிலோ கட்டம் கட்டமாகக் கோடு கீறி, கோட்டின் வழியே பள்ளம் வெட்டி, எஞ்சிய மேட்டினைத் தட்டி எடுத்த முறை அப்படியே தெரிகிறது.

முடிந்த சிற்பம் வியப்பினைத் தருகிறது. முடியாத சிற்பம் அறிவினைத் தருகிறது. மகேந்திரன் காலத்துக்கும் இராசசிம்மன் காலத்துக்கும் இடையே கல் எவ்வாறு அறுக்கப்பட்டது என ஆராய வந்த அறிஞர்கள், அழகுத் தேர்களைவிட அரைகுறைப் பாறைகளிடமே அதிகம் கற்றனர். மறைப்பதற்கு நேரமில்லாமற் போன சிற்பியின் கைவேலை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பாடநூலாக நிற்கிறது!

கல்லைப்பற்றிப் பேசவா இவ்வளவும் என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை, கணினியைப்பற்றிப் பேசவே பாறையிலிருந்து தொடங்கினோம். கையடக்கக் கணினி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கணினி, அதனை இயக்கும் திறந்த மென்பொருள் ஆகியவற்றின் வரலாறு, நம் செங்கற்பட்டுச் சீமையைத் தொட்டும், அதன் கடலோரத்தைத் தழுவியும் நடந்த வரலாறு. அதனை எழுதி வைத்தவர்கள் குறைவு.

பரம்பரை வைத்தியரைப்பற்றி நாட்டுப்புறத்தில் ஒரு பேச்சு உண்டு. பாம்புக்கடிக்கு மருந்து அறிந்தவராம், சுவடியைப் பரணில் ஒளித்து வைத்தாராம், மகனுக்கும் சொல்லவில்லையாம், ஒருநாள் மாண்டாராம். சுவடியைக் கறையான் தின்றது. மருந்து போயிற்று, அதற்குப் பிறகு கடிபட்டவர் உயிரும் போயிற்று. அறிவைப் பூட்டி வைப்பதில் நம் நாட்டார் கைதேர்ந்தவர்கள். இன்னார் படிக்கலாம், இன்னார் கேட்கவும் கூடாது என்று விதி எழுதி, அதற்குத் தெய்வத்தின் கையெழுத்தையும் வாங்கி வைத்தவர்கள் இங்கிருந்தனர். மேனாட்டிலோ அதே பூட்டினைப் பணத்தின் பெயரால் போட்டனர்.

மென்பொருள் என்பது எந்திரத்துக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளைச் சுவடி. அதற்கு இரண்டு உருவங்கள் உண்டு. மனிதன் எழுதியது மூலநிரல். அதனை எந்திரம் மட்டுமே விளங்கிக்கொள்ளும் எண் வரிசையாக மாற்றியது மற்றொன்று. பின்னதை விற்று முன்னதை மறைத்துவிட்டால், வாங்கியவன் பயன்படுத்தலாம். படிக்க இயலாது, திருத்த இயலாது, தன் மொழிக்கு மாற்றவும் இயலாது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடமொன்றில், 1980-ஐயொட்டி ஒரு சிறு தகராறு நடந்தது. சீராக்ஸ் நிறுவனம் தந்த புதிய அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிற்று. ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர் அதனைச் சீர்செய்ய எண்ணி, மூலநிரல் வைத்திருந்த ஒருவரை நேரிற் சென்று கேட்டார். தரமாட்டேன், தருவதில்லை என ஒப்பந்தம் செய்துள்ளேன் என்றார் அவர். ஒரு தாள் சிக்கல்! அதிலிருந்து பிறந்தது ஓர் இயக்கம். 1983-இல் ஸ்டால்மன் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதற்கென ஓர் உரிம ஆவணம் வந்தது. எவரும் பயன்படுத்தலாம், எவரும் மூலத்தைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்குத் தரலாம். ஆனால் திருத்தியதைப் பரப்புவோர் அதனையும் அதே உரிமையுடன்தான் தரவேண்டும் என்பது அதன் சாரம். பொதுச்சொத்தைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாதபடி போட்ட வேலி அது. 1991-இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரத்தில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்சு என்னும் கருநிரலை எழுதிப் பரப்பினார். இரண்டும் இணைந்தன. கோடீசுவரர் எவரும் கூலி கொடுக்காமலே ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று.

மூலம் திறந்திருந்ததால் தமிழுக்கு என்ன வந்தது? அதனைச் சொல்லுமுன் தமிழெழுத்து பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். 1990-களில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே தமிழ் எழுத்துருவை உருவாக்கிற்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. சென்னையில் தட்டிய மடல் சிங்கப்பூரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஒரே மொழிக்குள் பல தீவுகள்! இந்த அலங்கோலத்துக்கு முடிவு கட்ட 1999 பிப்ரவரியில் சென்னையில் உலகத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் கூடினர். அன்றைய தமிழக அரசு கூட்டிய மாநாடு அது. தமிழ்99 என்ற விசைப்பலகை அங்கு உருவாயிற்று. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 எழுத்துகளுக்கு இடம் தந்தால் 247-ஐயும் தட்டலாம் என்ற எளிய கணக்கு. வடமொழி ஒலிகளுக்கான எழுத்துகளை மேல்விசையை அழுத்தினால்தான் கிடைக்கும்படி வைத்தனர்; விரும்புவோர் சற்றுச் சிரமப்பட்டு அழைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணினர் போலும்! 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் அரசு ஏற்றது. ணை, லை, னை போன்றவற்றுக்குத் துதிக்கை வைத்த பழைய வடிவங்கள் போய் ஒரே சீரான குறி வந்ததால், எழுத்துருச் செய்வோர் வேலையும் குறைந்தது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிக்கோடு முறையை அரசு ஏற்றுக்கொண்டது.

தமிழ் எழுத்து இவ்வாறு ஓர் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்த காலத்திலேயே, தமிழகம், ஈழம், மலேசியா, கனடா என நாடு பிரிந்து கிடந்த தமிழர் சிலர் மின்னஞ்சல் வழியே கூடி, லினக்சுத் திரையிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினர். கோப்பு, அடைவு, சாளரம், சுட்டி, உலாவி என்ற சொற்கள் புழக்கத்தில் வேரூன்ற இவர்கள் உழைப்பும் காரணம். எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. பூட்டிய மென்பொருளாக இருந்திருப்பின், தமிழர் சந்தை இலாபம் தருமா என்று ஓர் அயல்நாட்டு மேலாளர் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை வாயில் நின்றிருக்கவேண்டும்.

மென்பொருள் வந்தது, சரி. அதனை ஏழையின் கைக்குக் கொண்டுபோகும் பெட்டி எங்கே? மேசைக் கணினி விலையுயர்ந்தது. கண்ணாடிக் குழாய்த் திரையோடு மின்சாரத்தை விழுங்குவது. மின்சாரம் நாளில் பாதி நேரம் வராத ஊரில் அதனை வைத்துப் பொட்டு இட்டு ஆயுத பூசை செய்யலாமே தவிர, வேறு பயன் இல்லை.

இதற்கு விடை தேடியவர்கள் அண்டை மாநிலத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விசய் சந்துரு, சுவாமி மனோகர், இரமேசு அரிகரன், வினய் ஆகியோரும் என்கோர் என்ற நிறுவனத்தாரும் சேர்ந்து 1999-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். 2001 ஏப்ரலில் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உலகுக்குக் காட்டினர். எளிமை, மலிவு, பன்மொழி என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கோத்த பெயர் அது. உள்ளே லினக்சு, 32 மெகாபைட் நினைவகம், தொடுதிரை. மூன்று சிறு பேட்டரிக் கட்டைகளில் — நாம் சுவர்க் கடிகாரத்தில் போடுவதைவிடச் சிறியவை அவை — அது ஓடிற்று. எழுதப்படிக்கத் தெரியாதவர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதற்கென உருவாயிற்று.

நம்மைக் கவர்வது அதிலிருந்த இன்னொரு ஏற்பாடு. ஒவ்வொருவரும் ஒரு கணினி வாங்க இயலாது என்பதனை அவர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டனர். எனவே ஊருக்கொரு பெட்டி, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு! அட்டையைச் செருகினால் பெட்டி அவருடையதாகும், உருவினால் அடுத்தவருடையதாகும். மென்பொருளை மட்டுமன்றிப் பெட்டியின் உள்ளமைப்பு வரைபடத்தையும் உரிமம் வகுத்துத் திறந்து வைத்தனர். மாற்றியமைத்து விற்போர் ஓராண்டுக்குப் பின் தம் மாற்றத்தைப் பொதுவுக்குத் தரவேண்டும் என்றனர். இந்தியாவில் அதற்குமுன் எவரும் இவ்வளவு துணிவுடன் ஓர் எந்திரத்தின் வயிற்றைத் திறந்து காட்டியதில்லை.

வென்றதா? இல்லை. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்சு துணையோடு அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது விலை பத்தாயிரம் ரூபாயையொட்டி நின்றது. அரசுகள் பாராட்டின, வாங்கவில்லை. கர்நாடகத்து நில ஆவணப் பணிபோன்ற சில இடங்களில் பயன்பட்டதோடு சரி. அதற்குள் செல்பேசி மலிவாகி ஊரெங்கும் நுழைந்துவிட்டது. தோற்றது என்று எழுதுவோர் ஒன்றை மறக்கின்றனர். 2008-இல் வந்த ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் அடியிலும் லினக்சுக் கருநிரல்தான் ஓடுகிறது. கையடக்கக் கணினி, தொடுதிரை, லினக்சு என்ற சேர்க்கை இன்று சந்தைக்குச் சந்தை கிடைக்கிறது. ஆனால் ஒன்று மாறிப்போயிற்று. சிம்ப்யூட்டர் ஊர்ப் பொதுப்பெட்டி. செல்பேசி விளம்பரக் கடை. மூலம் திறந்தது, பெட்டி பூட்டியது என்ற வேடிக்கையை இன்று நம் சட்டைப் பையில் சுமக்கிறோம்.

பெங்களூரில் இது நடக்குமுன்பே நம் கடற்கரையில் மற்றொரு முயற்சி தொடங்கியிருந்தது. மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் புதுவை. 1998-இல் சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அங்கே, வில்லியனூரை மையமாக வைத்து, சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. மின்வெட்டுக்கு மாற்றாகக் கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள், உள்ளே கணினி, வெளியே ஒலிபெருக்கி. நிலையம் பொது இடத்தில் இருக்கவேண்டும், எந்தச் சாதியாரும் தடையின்றி உள்ளே வரவேண்டும் என்பது ஊராரிடம் கேட்ட நிபந்தனை. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயர முன்கணிப்பைக் கணினியில் இறக்கித் தமிழாக்கிக் கரையில் ஒலிபரப்பினர். போர்க்கப்பலுக்கு எழுதிய குறிப்பு கட்டுமரத்துக்குப் பயன்பட்டது! நல்ல நாள் பார்த்துக் கடலுக்குப் போனவர்கள் அலையின் உயரம் பார்த்துப் போகத் தொடங்கினர்.

2004 திசம்பர் 26. அந்த நாளை நம் கரையோரத்தில் மறந்தவர் எவர்? மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகளைக் காட்டிற்று, பிறகு பொங்கி வந்தது. கல்பாக்கத்து அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். குடியிருப்பிலோ பலர் மாண்டனர். மணல் அரித்துக் கிடந்த சாளுவன்குப்பத்தில் பழைய செங்கற்கோயில் ஒன்றின் அடித்தளம் பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டது; ஏடுகள் அதனைப் பக்கம் பக்கமாக எழுதின. அதே நாளில் புதுவையருகே நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்ததை எத்தனை பேர் அறிவர்? அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசினார். இளைஞர்கள் ஓடிச் சென்று தகவல் நிலையக் கதவை உடைத்து ஒலிபெருக்கியை முழக்கினர். கரையிலிருந்து ஓடுங்கள்! ஊர் ஓடிற்று. படகுகளும் வலைகளும் வீடுகளும் போயின. மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன.

பூட்டிய கதவை உடைக்கவேண்டியிருந்தது என்பதனைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். அரைமணி நேரம் சாவி தேடியிருந்தால்?

கடலுக்கு அப்பால் கொழும்பில், அதே பேரழிவு நடந்த சில நாட்களில், இலங்கை மென்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சகனா என்ற திறந்த மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி எங்கே தேவை எனப் பதிந்து தேடும் ஏற்பாடு அது. விலை கொடுத்து வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரி, கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகி வருவதற்குள் எலும்பும் மக்கியிருக்கும். மூலம் திறந்திருந்ததால் அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006-இல் பிலிப்பைன்சு மண்சரிவிலும் அது பயன்பட்டது. கொழும்பில் எழுதியதைப் பாகிஸ்தான் எடுத்துக்கொள்ள எவரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். 2019 நவம்பர் 29-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த இன்றைய செங்கற்பட்டின் வட எல்லையில் குரோம்பேட்டை. தோல் பதனிடும் குரோம் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அங்கே 1949-இல் இராசம் என்ற தொழிலதிபர் தம் செல்வத்தைத் தந்து தொடங்கிய மதராசு தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அப்துல் கலாம் பயின்ற இடம். அமெரிக்கக் கழகத்துக்கும் இதற்கும் சுருக்கப் பெயர் ஒன்றே, எம்.ஐ.டி.! அந்த எம்.ஐ.டி.யில் தாள் சிக்கியது, இந்த எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அதன் விளைவாக 2007 சனவரியில் பாஸ் என்ற இயங்குதளம் வெளிவந்தது. டெபியன் லினக்சின்மேல் கட்டப்பட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் திரை பேசுவது. அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் தலைமையிலிருந்த உமாசங்கர், அரசு அலுவலகக் கணினிகளிலும் பள்ளிக் கணினிகளிலும் சூசே லினக்சைப் புகுத்தினார்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரையடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. 1997 வரை பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர் அது. முதலமைச்சர் செயலலிதா தொடங்கி வைத்தார். முதலாண்டுக்கு மட்டும் கோரப்பட்டவை 9.12 இலட்சம் மடிக்கணினிகள். பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்தால் 50 இலட்சத்துக்கு மேல். உலகில் வேறெந்த மாநிலம் இவ்வளவு பேருக்குக் கொடுத்தது? இலவசம், இலவசம் என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். தம் பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து மடிக்கணினி வரவழைத்தவர்களே அவர்கள்! கூலிக்காரர் வீட்டுப் பெண்ணின் மடியில் அது ஏறியதும் நாட்டின் நிதிநிலை அவர்கள் நினைவுக்கு வந்தது. 2012-இல் மாவட்டங்களில் மின்வெட்டு பல மணி நேரம் நீடித்தபோது, மின்சாரம் உள்ள நேரத்தில் ஏற்றிவைத்த பேட்டரியின் வெளிச்சத்தில் பாடம் படித்த பிள்ளைகள் பல்லாயிரம்.

திட்டத்தைப் போற்றுகிறோம், அதன் குறையைச் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றும்: விண்டோசு, பாஸ். முன்னதைப் பெரும்பாலோர் திறந்தனர். பின்னதோ தமிழில் பேசுவது, மூலம் திறந்தது, அரசுப் பணத்தில் சென்னையிலும் குரோம்பேட்டையிலும் உழைத்து உருவாக்கியது. அதனை என்ன ஏது என்று மாணவர்க்குச் சொல்ல ஆளில்லை. ஆசிரியர்க்கே எவரும் சொல்லித்தரவில்லையே! இடம் அடைக்கிறது என்று கடைக்காரர் அழித்துக் கொடுத்தார், திருட்டுப் படிகளை ஏற்றிக் கொடுத்தார். இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு நூலகத்தை அனுப்பிவிட்டு, அதன் கதவு எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விட்டோம். பெட்டி கொடுக்கக் காட்டிய அக்கறையில் பத்திலொரு பங்கைப் பயிற்சிக்குக் காட்டியிருந்தால், இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் நிரல் எழுதத் தெரிந்த ஒரு கூட்டம் இருந்திருக்கும் என்பது நமது துணிபு.

அரசு விட்ட இடத்தை நிரப்பச் சிலர் முன்வந்தனர். காஞ்சி லினக்சுப் பயனர் குழு, விழுப்புரத்துக் குழு, தமிழ்நாட்டுக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை போன்றவை கட்டணமின்றி வகுப்பு நடத்தின. 2012 சனவரியில் கணியம் என்ற மின்னிதழ் தொடங்கித் தமிழிலேயே லினக்சு, நிரலாக்கம் ஆகியவற்றைக் கற்பிக்கிறது.

மென்பொருளைத் திறந்தாயிற்று, அதனை ஓட்டும் சில்லு? அதன் கட்டளை வரிசையே இன்டெல், ஆர்ம் போன்ற நிறுவனங்களின் உடைமை. அமெரிக்கப் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2010-இல் ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளை வரிசையைத் தொடங்கினர். அதனை அடிப்படையாகக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி என்ற செயலிகளை வடிவமைத்தனர். 2018-இல் அமெரிக்காவிலும் சண்டிகரிலும் அவற்றை வார்த்தெடுத்து லினக்சையும் ஓட்டிக் காட்டினர். 2020-இல் மௌசிக் என்ற சிறு செயலி வந்தது. வரைபடம் திறந்தது, எவரும் எடுத்துப் படிக்கலாம். புராணத்திலிருந்து பெயர் வைக்காவிடில் சில்லு சூடாகிவிடும் என்று அஞ்சினர் போலும். பெயரைவிட்டு வேலையைப் பார்ப்போம், வேலை நன்று.

பழைய மடிக்கணினிகள் என்னவாயின? 2020 சனவரி 14-ஆம் நாளோடு விண்டோசு 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதன் நிறுவனம் நிறுத்திக்கொண்டது; 2025 அக்டோபரில் விண்டோசு 10-க்கும் அதே கதி. பரணில் எறியப்பட்டவை ஏராளம். 2025 மார்ச்சு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. புதியன வரட்டும். பரணில் கிடப்பதையும் இறக்கித் தூசு தட்டுங்கள். இரண்டு கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய பெட்டியிலும் ஓடக்கூடிய சிறிய லினக்சு வகைகள் உண்டு. காசு கேட்பதில்லை, தமிழும் பேசும். ஏற்றத் தெரியாதவர்க்கு ஏற்றிக் கொடுக்க மேற்சொன்ன குழுக்களில் ஆட்கள் இருக்கின்றனர். பெட்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். பேட்டரி செத்திருந்தால் மின்கம்பியையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.